சைதாப்பேட்டையில் படித்தவர்

சோழவந்தானில் எங்கள் பள்ளியின் டிரில் வாத்தியாரைப் பெரியவர்கள் 'சைதாப்பேட்டையில் படித்தவர்' என்பார்கள். சீமையில் படித்தவர் என்பது போன்ற தொனியில். அந்தச் சைதாப்பேட்டைக்குப் பின்னால் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் இருந்தார் என்பதை நடுவயதில்தான் அறிந்தேன்.

பென்சில்வேனியா மாநிலத்தவரான பக், ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றவர். அங்கேதான் 1891 டிசம்பரில், குளிருக்கு அஞ்சிக் கூடத்துக்குள் சலித்துக் கிடந்த 18 மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாடத்தில் ஆணியடித்துக் கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். பந்து கூடைக்குள் விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும்! நெய்ஸ்மித்தின் சகாவான ஸ்டாக், 1892இல் சிக்காகோ பல்கலைக்கழகம் சென்று காற்பந்துப் பயிற்சியாளராகப் பெரும்புகழ் பெற்றார். (அமெரிக்கர் காற்பந்து என்பது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.) அந்நாட்டில் கல்லூரிப் பயிற்சியாளரின் வாழ்க்கையை வென்ற ஆட்டம் எத்தனை, தோற்ற ஆட்டம் எத்தனை என்றே எழுதி வைப்பார்கள்.

பக் 1919இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே, ஆசியாவில் முதலாவது என்று சொல்லப்படும் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அது 1930களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டைப் பக்கம், இன்றைய நந்தனத்துக்குக் குடிபெயர்ந்தது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியத் தடகள வீரர்களை அழைத்துச் சென்றவரும் அவரே. தடைதாண்டி ஓடிய சி. கே. லட்சுமணன் அக்குழுவில் ஒருவர். பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. அமெரிக்கக் கணக்குப்படி பார்த்தால் பக் வெறுங்கையோடு திரும்பியவர்.

அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்பது என் கட்சி. சிலம்பமும் சடுகுடுவும் நமக்கு அவர் சொல்லித் தந்தவையல்ல. உடலைப் பேண நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் பட்டாள ஓய்வாளர்களின் 'லெப்ட், ரைட்'டாக இருந்த காலம் அது. விளையாட்டும் ஒரு பாடம், அதைக் கற்பிப்பவருக்கும் முறையான படிப்பு வேண்டும் என்று அவர் நிறுவினார். அவர் தொகுத்த விளையாட்டு விதிநூல் பல பதிப்புகள் கண்டது. 1943இல் சென்னையிலேயே காலமானார். அதற்குள் அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ ஊர்களுக்கு விசிலோடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

படிப்பு வந்ததே தவிர, மரியாதை அதே வேகத்தில் வரவில்லை. தேர்வு நெருங்கினால் எங்கள் டிரில் வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார்; அக்கடன் திரும்பியதே இல்லை. எங்கள் வாத்தியார் மறுபேச்சுப் பேசமாட்டார். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வலையில்லாத கூடைப்பந்து வளையத்தின் கீழே தனியாக நின்று சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருப்பார். மாலை நாலரை மணிக்கு நாங்கள் அங்கே இருப்போம் என்று அவருக்குத் தெரியும்.