கப்பல் ஏற இன்னும் ஒரு நாள்: கோபன்ஹேகனில் ஒரு துணியின் தடம்

இது எபிசோடோட எடிட் பண்ணின எழுத்து வடிவம். திக்கினது, திரும்பச் சொன்னது எல்லாம் வெட்டியாச்சு. மத்தபடி நான் பேசினதுதான்.

ஒரு லிசனர் கேட்டிருந்தாங்க: "பால்டிக் கடல் க்ரூஸ் போறேன். கப்பல் கோபன்ஹேகன்லேர்ந்து கிளம்புது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் இருக்கு. வரலாறு பிடிக்கும், மியூசியம் க்யூல நிக்கப் பிடிக்காது. என்ன பார்க்கலாம்?"

மியூசியமே வேண்டாம். துறைமுகத்தை ஒட்டி மூணு, நாலு கிலோமீட்டர் நடந்தா போதும். ஆனா ஒரு கண்டிஷன். ஒவ்வொரு பழைய கட்டடத்துக்கு முன்னாடியும் நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்: இதுக்குள்ள என்ன சரக்கு இருந்தது? அதை யார் செஞ்சாங்க, யார் எதுக்கு வாங்கினாங்க?

நான் இதை ரெக்கார்ட் பண்றது சிந்தாதிரிப்பேட்டையில. அந்தக் கேள்விக்கான பதில்ல ஒரு பாதி இந்தப் பக்கத்துலதான் இருக்கு. எப்படின்னு பார்ப்போம்.

காலை: கிடங்கு

கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன்ல ஆரம்பிங்க. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில, 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் உருவாக்கின பகுதி. கால்வாய், படகு, சாய்ஞ்ச கூரை வீடுகள்னு ஆம்ஸ்டர்டாம் சாயல்ல இருக்கும். அங்க தண்ணி ஓரமா ஆசியாட்டிஸ்க் பிளாட்ஸ்னு ஒரு இடம். 'ஆசியச் சதுக்கம்'னு தமிழ்ல சொல்லலாம்.

1732-ல் ஆரம்பிச்ச டேனிஷ் ஆசியக் கம்பெனியோட தலைமையகம் இங்கதான். பக்கத்துல நிக்கிற பெரிய கிடங்கு 1750 வாக்கில் கட்டினது. நிக்கோலாய் எய்க்ட்வெட்னு அந்தக் காலத்தோட முக்கியமான கட்டடக் கலைஞர் வடிவமைச்சது. இப்போ அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் அதைப் பயன்படுத்துது.

உள்ளே என்ன இருந்தது? சீனத் தேயிலை, பீங்கான், மிளகு. அதோட சோழமண்டலக் கரையிலேர்ந்து வந்த பருத்தித் துணி. டென்மார்க் சின்ன நாடு, அவ்வளவு சரக்கையும் அவங்களே பயன்படுத்த முடியாது. அதனால கப்பல் வந்ததும் ஏலம் போடுவாங்க. வாங்கினவங்க அதைத் திரும்ப வேற நாடுகளுக்கு அனுப்பிடுவாங்க. அதாவது இந்தக் கிடங்கு கடைசி ஸ்டாப் இல்ல, ஒரு ட்ரான்சிட் பாயின்ட்.

அங்கேர்ந்து பாலத்தைத் தாண்டினா போர்சன். நான்காம் கிறிஸ்டியன் கட்டின பழைய வணிகச் சந்தை. நாலு டிராகன் வால் பின்னிக்கிட்டு மேல போற கோபுரம் அதோட அடையாளம். 2024 ஏப்ரல் 16 அன்னிக்குத் தீப்பிடிச்சு அந்தக் கோபுரம் சரிஞ்சது. வீடியோ பார்த்திருப்பீங்க. இந்தச் சந்தையைக் கட்டின அதே அரசர்தான் நம்ம கரைக்குக் கப்பல் அனுப்பினவர்.

தரங்கம்பாடி எப்படி நடந்தது?

1616-ல் நான்காம் கிறிஸ்டியன் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார். 1618 கடைசியில ஓவே கெட்டேங்கிற இளம் பிரபு தலைமையில கப்பல்கள் கிளம்பின. அப்போ அவருக்கு இருபதுகளின் நடுவயசு, கிட்டத்தட்ட நம்ம வயசு. அவங்க இலக்கு தமிழ்நாடே இல்ல, இலங்கை. கண்டி அரசரோட ஒப்பந்தம் போட்டு வியாபாரம் பண்றதுதான் திட்டம். ஒன்றரை வருஷம் கடல்ல போய் 1620-ல் சேர்ந்தாங்க. வழியிலேயே நிறைய பேர் செத்துப்போனாங்க. இலங்கைத் திட்டமும் சரியா வரலை.

இதுக்கு நடுவுல, முன்னாடியே அனுப்பின ஒரு கப்பல் காரைக்கால் பக்கம் போர்ச்சுகீசியர்களால அழிக்கப்பட்டது. அதுல தப்பிச்ச ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தத் தொடர்பு வழியாத்தான் 1620 நவம்பர்ல தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் ஆச்சு. ஒரு மீனவக் கிராமத்தையும் கோட்டை கட்டிக்க அனுமதியையும் அவர் கொடுத்தார். அந்தக் கிராமம்தான் தரங்கம்பாடி. கோட்டைக்குப் பேர் டான்ஸ்போர்க். ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னிக்கும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு.

கோட்டை கட்டின முதல் சில வருஷங்கள்ல அங்க வேலை பார்த்தவர்கள்ல ஐஸ்லாந்துக்காரர் ஒருத்தர் உண்டு: யோன் ஓலாஃப்சன். வெடிமருந்து விபத்துல காயம்பட்டு ஊர் திரும்பி, வயசான காலத்துல தன் கதையை எழுதி வச்சார். 'இந்தியா போன யோன்'னே அவருக்கு அங்க பேர். ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் கிளம்பி, காரைக்காலுக்குக் கொஞ்சம் வடக்கே காவலுக்கு நின்னிருக்கார்.

தரங்கம்பாடியில கோபன்ஹேகன் மாதிரி கப்பல் வந்து ஒட்டி நிக்கிற துறை கிடையாது. கப்பல் கடல்ல தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். ஆணியே இல்லாம, பலகைகளைக் கயிறால தைச்சுச் செஞ்ச படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டு போகும். அந்தக் காலச் சென்னையிலயும் இதேதான் நிலைமை. படகோட்டிகள் இல்லேன்னா எந்தக் கம்பெனியாலயும் ஒரு மூட்டை துணிகூட ஏத்த முடியாது.

நடுவுல சிந்தாதிரிப்பேட்டை

இப்போ மூணு வருஷத்தை மனசுல வச்சுக்கோங்க: 1732, 1733, 1734.

1732-ல் கோபன்ஹேகன்ல ஆசியக் கம்பெனி தொடங்குது. 1733-ல் டென்மார்க், கரீபியன் கடல்ல இருக்கிற செயின்ட் குரோய் தீவைப் பிரான்ஸ்கிட்டேர்ந்து வாங்குது. 1734-ல் சென்னையில ஆங்கிலேயக் கம்பெனி ஒரு புது ஊரை உருவாக்குது. அதுதான் சிந்தாதிரிப்பேட்டை.

நம்ம ஏரியாவை மீன் மார்க்கெட்டுக்கும், மே தினப் பூங்காவுக்கும், பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும்தான் நிறைய பேருக்குத் தெரியும். ஆனா பேரைப் பிரிச்சுப் பாருங்க: சின்னத் தறிப் பேட்டை. அதுதான் மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆச்சுன்னு சொல்றாங்க. ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்துல, கூவம் வளையுற இடத்துல, நெசவாளர்களைக் குடியேத்தறதுக்காகவே இதைத் தொடங்கினாங்க. நூல் நூற்கிறவங்க, நெய்யறவங்க, துணி வெளுக்கிறவங்க, துணியில வண்ணம் தீட்டுறவங்க எல்லாரையும் ஒரே இடத்துல வச்சிருக்கணும்கிறதுதான் எண்ணம். அந்த நிலம் கம்பெனியோட பழைய தலைமை வணிகர் சுங்குராமரோட தோட்டம். அவரோட எதிர்ப்பு எடுபடலை.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? துணி நெய்யறவங்க துறைமுகத்துல இல்ல. உள்ளே பல கிராமங்கள்ல சிதறி இருந்தாங்க. கம்பெனி வணிகர்கிட்ட பணம் கொடுக்கும், வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுப்பார். துணி வந்ததும் மாதிரித் துணியோட ஒப்பிட்டுப் பார்த்து, தரம் குறைஞ்சா விலையைக் குறைப்பாங்க. அதே நேரத்துல ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், டேனிஷ்காரர்னு எல்லாரும் இதே கரையில துணி தேடிக்கிட்டு இருந்தாங்க. வடகிழக்குப் பருவமழை தொடங்கினா இந்தக் கரையில கப்பல் நிக்க முடியாது, அதுக்குள்ள சரக்கு ஏறியாகணும். தறியைக் கோட்டைக்குப் பக்கத்துலயே கொண்டு வந்துட்டா எல்லாம் கட்டுப்பாட்டுக்குள்ள இருக்கும்னு கணக்கு.

என் தொழில் பாஷையில சொன்னா, துறைமுகம் ஃப்ரன்ட்எண்ட், தறி பேக்எண்ட். சுற்றுலாவுல ஃப்ரன்ட்எண்ட்தான் கண்ணுல படும்.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். சிந்தாதிரிப்பேட்டைத் துணி கோபன்ஹேகன் போச்சுன்னு நான் சொல்லலை. இங்க நெய்தது ஆங்கிலேயக் கம்பெனிக்கு. டேனிஷ் கம்பெனி தரங்கம்பாடி வழியா வாங்கினது. ஆனா கரை ஒண்ணு, தொழில் ஒண்ணு, முன்பணம் கொடுத்து வாங்குற முறையும் பெரும்பாலும் ஒண்ணுதான்.

மதியம்: குதிரைச் சிலையும் இன்னொரு கிடங்கும்

போர்சன்லேர்ந்து வடக்கே நடந்தா அமாலியன்போர்க் அரண்மனை. நடுச் சதுக்கத்துல ஐந்தாம் பிரெடரிக் அரசர் குதிரை மேல உட்கார்ந்திருப்பார். எல்லாரும் அங்க செல்ஃபி எடுப்பாங்க. அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? காலையில பார்த்தோமே, அதே ஆசியக் கம்பெனி. 1771-ல் திறந்தாங்க. தேயிலையும் துணியும் வித்த காசுல வந்த குதிரை அது.

அரண்மனையிலேர்ந்து கொஞ்ச தூரத்துல, தண்ணி ஓரமா இன்னொரு பெரிய கிடங்கு. இது மேற்கிந்தியக் கிடங்கு, 1780 வாக்கில் கட்டினது. கரீபியன் தீவுகள்லேர்ந்து வந்த சர்க்கரையும் ரம்மும் இங்க இறங்கும். காலையில பார்த்த கிடங்கு கிழக்கு, இது மேற்கு. ரெண்டுக்கும் நடுவுல ஆப்பிரிக்கா இருக்கு.

ஆப்பிரிக்காவோட தங்கக் கடற்கரையில, இன்னிக்கு கானாவோட தலைநகரா இருக்கிற அக்ராவுல, டேனிஷ்காரர்கள் கிறிஸ்டியான்ஸ்போர்க்னு ஒரு கோட்டை வச்சிருந்தாங்க. அங்க மனுஷங்களை வாங்கணும்னா வெறும் வெள்ளியைக் கொடுத்து முடியாது. துப்பாக்கி, வெடிமருந்து, சாராயம், இரும்பு கேப்பாங்க. இதையெல்லாம் விட அதிகமா எதிர்பார்த்த பொருள்கள்ல ஒண்ணு இந்தியத் துணி. அங்க வாங்குறவங்களுக்கு ரசனை உண்டு. எந்த நீலம், எந்தக் கட்டம், எந்த நெசவுன்னு பார்த்து வாங்குவாங்க. ஐரோப்பாவுல செஞ்ச நகல் துணி பல சமயம் விலை போகலை. அதனால கோபன்ஹேகன் ஏலத்துல போன இந்தியத் துணியில ஒரு பங்கு அடிமை வியாபாரக் கப்பல்கள்ல ஏறினது.

டேனிஷ் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டு போன ஆப்பிரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல. அவங்க செயின்ட் குரோய் மாதிரித் தீவுகள்ல கரும்பு வெட்டினாங்க. அந்தச் சர்க்கரை இந்தக் கிடங்குக்கு வந்தது. 1792-ல் டென்மார்க் இந்த வியாபாரத்தைத் தடை செஞ்சு ஆணை போட்டது, ஆனா அமலுக்கு வந்தது 1803-ல். அந்தத் தீவுகள்ல அடிமைமுறையே ஒழிஞ்சது 1848-ல்தான். ஒழிஞ்ச பிறகும் கூலியும் ஒப்பந்தமும் படுமோசம். 1878-ல் செயின்ட் குரோய்ல தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து தோட்டங்களுக்குத் தீ வச்சாங்க. அதுல முன்னாடி நின்ன பெண்கள்ல ஒருத்தர் மேரி தாமஸ். மக்கள் அவரை 'குயின் மேரி'ன்னு கூப்பிட்டாங்க. 2018-ல் இந்தக் கிடங்குக்கு முன்னாடி அவர் நினைவா ஏழு மீட்டர் உயரத்துக்கு ஒரு சிலை எழுப்பினாங்க. ஒரு கையில தீப்பந்தம், இன்னொரு கையில கரும்பு வெட்டுற கத்தி.

தஞ்சாவூர்ப் பக்கத்துல நெய்தவருக்கு இது எதுவும் தெரிஞ்சிருக்க வழியில்லை. முன்பணத்தை அடைக்கணும், அளவு தப்பாம நெய்யணும், அதுதான் அவர் கவலை. அவர் மேல பழி போடறதுக்காக இதைச் சொல்லலை. "நம்ம துணி உலகம் பூரா போச்சு"ன்னு நாம பெருமையாச் சொல்றோம். அது உண்மைதான். ஆனா அந்தத் துணியை வச்சு என்ன வாங்கினாங்கங்கிறதையும் சேர்த்துச் சொன்னாத்தான் கதை முழுசாகும். கரீபியன்ல இன்னிக்கும் கட்டம்போட்ட துணிக்குப் பேர் 'மெட்ராஸ்'. விழாக்கள்ல பெண்கள் தலையில கட்டிக்கிறாங்க. எந்தத் துணியைக் கொடுத்து முன்னோர்களை வாங்கினாங்களோ, அதே கரையோட துணியைத் தங்களோட அடையாளமா மாத்திக்கிட்டாங்க.

மாலை: கப்பல்

இன்னும் வடக்கே நடந்தா குட்டிக் கடற்கன்னி சிலை. 1913-ல் வச்சது, எதிர்பார்த்ததை விடச் சின்னது, கூட்டம் மட்டும் பெருசு. அதைத் தாண்டினா லாங்கலீனியே, க்ரூஸ் கப்பல்கள் நிக்கிற கரைகள்ல ஒண்ணு.

ஏறுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு விலையையும் யோசிச்சுப் பாருங்க. 1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும், வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு வித்தது. 1917-ல் கரீபியன் தீவுகளை இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு வித்தது. ரெண்டு விற்பனையிலயும் அங்க வாழ்ந்தவங்ககிட்ட யாரும் சம்மதம் கேக்கலை.

டென்மார்க் போக வழியில்லாதவங்களுக்கு: தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்துல, காரைக்காலுக்குப் பக்கத்துலதான் இருக்கு. டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிக்குது, 1792-ல் கட்டின நகர வாசலும் நிக்குது. அலை அரிச்சு ஒரு பகுதி போய், மிச்சம் நிக்கிற பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்க. டேனிஷ்காரர்கள் வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே அந்த ஊருக்கு ஒரு கதை இருந்ததுக்கு அதுதான் சாட்சி. அங்கேயும் ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாடியும் நின்னு அதே கேள்வியைக் கேளுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். பை.