இஞ்சின் மாறிய கார்கள்: சித்தூர், திருப்பதி மோட்டார் வரலாற்றில் ஒரு பக்கம்

திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றியும், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததற்கு முன் நடந்த எல்லைப் போராட்டத்தைப் பற்றியும் இத்தகைய மலர்களில் அறிஞர் பெருமக்கள் பலமுறை எழுதிவிட்டனர். அதற்கு மேல் கூட்டிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு உடையது. சித்தூர்ப் பக்கத்துப் பழைய கார்களில் நான் மூடி திறந்து பார்த்தவற்றில் பலவற்றுக்குள் இருப்பது, அவை கம்பெனியை விட்டு வந்தபோது இருந்த இஞ்சின் அல்ல. வெளியே அம்பாசடர், உள்ளே மெட்டடார் வேன் இஞ்சின். வெளியே வில்லிஸ் ஜீப், உள்ளே வேறு ஏதோ டீசல். இவற்றை "ஒட்டு வண்டி" என்று ஏளனமாகச் சொல்வோர் உண்டு. நம் ஊர் மோட்டார் வரலாற்றின் மூல ஆவணங்களே இவைதாம் என்பது என் கருத்து.

சான்றுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய ஆர்.சி. புத்தகங்கள். இன்றைய பிளாஸ்டிக் அட்டையைச் சொல்லவில்லை. துணி அட்டை போட்ட, பக்கம் பக்கமாகப் புரட்டும் புத்தகம். அதில் இஞ்சின் எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் புது எண் எழுதி, ஆர்.டி.ஓ. அலுவலக முத்திரை குத்தியிருப்பார்கள். இன்னொன்று, ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் போய் உட்காரும் ஒரு பட்டறையின் வேப்பமரத்தடிப் பேச்சு. எழுபதைத் தாண்டிய மேஸ்திரிகள், பழைய டாக்ஸி டிரைவர்கள், காரை விற்க மனசு வராத ஓய்வு பெற்ற ஆசாமிகள் என்று நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஸ்பேனரை மட்டும் எல்லோரும் பானா என்பார்கள். காபி ஆறுவதற்குள் பேச்சு கிராங்க் ஷாஃப்ட்டில் வந்து நின்றுவிடும்.

மலைப்பாதையும் டாக்ஸியும்

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரலில் பிறந்தது. அதற்கு முன் சித்தூர்தான் வடஆற்காட்டின் தலைநகர். 1953 வரை எல்லாம் ஒரே சென்னை மாநிலம் என்பதால் சித்தூரிலிருந்து வேலூருக்குப் போவது அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. ஆந்திர மாநிலம் அமைந்த பின் செக்போஸ்ட்டும் பர்மிட்டும் வந்தன. ஆனாலும் மோட்டார்த் தொழில் சென்னையைப் பார்த்தே இருந்தது. ஸ்பேருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை, பெரிய டீசல் இஞ்சின் என்றால் சிம்சன் கம்பெனி. சிம்சன் 1840இல் தொடங்கிய பழைய வீடு. 1950களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் இஞ்சின்களைச் சென்னையில் செய்யத் தொடங்கியது.

இந்த மாவட்டத்துக்கென்று ஒரு தனிக் காரணமும் இருந்தது. அதுதான் மலை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர், முப்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். அதுவரை படியேறியோ டோலியிலோதான் பெருமாளைப் பார்க்க முடியும். 1974இல் இரண்டாம் பாதை வந்த பிறகு ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று ஆயிற்று. பழையது இப்போது இறங்கும் வழி. நடுவில் முப்பது ஆண்டுகள், ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் அந்த ஒரே பாதையில்தான் ஒன்றையொன்று ஒதுங்கிப் போயின.

அந்தப் பாதையில் டாக்ஸி ஓட்டியவர் ஒருவர் என்னிடம் சொன்னது: "பெட்ரோல் வண்டின்னா மே மாசத்துல பாதி மலையில மூச்சு வாங்கும் தம்பி. பெட்ரோல் குழாயிலயே ஆவியாயிடும். துணிய நனச்சி பம்பு மேல சுத்திட்டு, சவாரியெல்லாம் எறக்கி மர நெழல்ல ஒக்கார வெக்கணும். அப்பறம் கோவிந்தா சொல்லித்தான் கெளப்பணும்." மொட்டையடிக்கப் போகும் குடும்பம் எட்டுப் பேர், மூட்டை முடிச்சு, மேலே கேரியரில் படுக்கை. அம்பாசடரின் முன் இருக்கை ஒரே பலகை. கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்ததால் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். டாக்ஸிக்காரர்களுக்கு அந்த மூன்றாவது ஆள்தான் லாபம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஏன் மாற்றினார்கள்

இஞ்சின் மாற்றம் என்றதும் அமெரிக்க இளைஞர்கள் நினைவுக்கு வருவார்கள். 1932இல் ஃபோர்டு கம்பெனி வி-8 இஞ்சினை மலிவாக விற்றது முதல், பழைய கூட்டில் பெரிய இஞ்சினைப் போட்டு வேகம் பார்ப்பது அங்கே ஒரு விளையாட்டு. நம்மவர் செய்தது அதற்கு நேர்மாறு. வேகத்தைக் குறைத்துக்கொண்டு காசை மிச்சம் பிடித்தார்கள்.

எரிபொருளை மாற்றுவது நமக்குப் புதிதுமல்ல. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது சென்னை மாகாணத்து பஸ்கள் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடின. டி.வி.எஸ். நிறுவனம் அதற்கென்றே காஸ் பிளான்ட் செய்து விற்றது. போர் முடிந்ததும் ராணுவ டிஸ்போசல் ஏலத்தில் ஜீப்புகளும், அவற்றோடு கால் டன் டிரெய்லர்களும் வந்தன. மாட்டு வண்டியைவிட வேகமாக வெல்லமும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் கொண்டுபோக அந்த டிரெய்லர் போதும். சில வீடுகளில் ஜீப் போய்விட்டது, டிரெய்லர் மட்டும் டிராக்டருக்குப் பின்னால் பிழைத்துக் கிடக்கிறது.

அடுத்த திருப்பம் 1953. வரி ஆணைய அறிக்கையைத் தொடர்ந்து, உள்நாட்டில் உற்பத்தித் திட்டம் உள்ள கம்பெனிகளுக்கு மட்டுமே இடம் என்று மைய அரசு முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் நடத்திவந்த அசெம்பிளி ஆலைகளை மூடிவிட்டுப் போயின. ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த ஷெவர்லே, ஃபோர்டு வண்டிகள் ஒரே நாளில் அநாதை ஆகவில்லை. மெல்ல மெல்ல ஆயின. முதலில் பிஸ்டன் கிடைக்காது, அப்புறம் கிராங்க் பேரிங் கிடைக்காது. உடம்போ இரும்பு உடம்பு, இன்னும் முப்பது வருஷம் தாங்கும். உள்ளே எதையாவது போட்டுத்தானே ஆகவேண்டும்?

பின் 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. பெட்ரோல் விலை ஏறியது. டீசலுக்கு வரி குறைவு. ஆனால் டீசல் கார் என்று ஒன்று இந்தியாவில் விற்பனையிலேயே இல்லை. இந்துஸ்தான் மோட்டார்ஸ் டீசல் அம்பாசடரைக் கொண்டுவந்தது 1980 வாக்கில்தான். அதுவும் நாற்பது குதிரைத்திறன் அளவிலேயே நின்ற சிறு இஞ்சின். இடைப்பட்ட ஆண்டுகளில் கம்பெனி செய்யாததைப் பட்டறைகள் செய்தன. பெர்கின்ஸ் பி-4 ஜீப்பில் ஏறியது. பி-6 லாரிகளில் ஏறியது. பஜாஜ் டெம்போவின் மெட்டடார் வேன் பரவலான பிறகு அதன் இஞ்சின் அம்பாசடருக்குள் புகுந்தது.

செய்முறையைக் கேட்டால் மேஸ்திரிகள் அரை நாள் சொல்வார்கள். நான் சுருக்குகிறேன். டீசல் இஞ்சின் கனம், மூக்கு தாழும். அம்பாசடரின் முன் சக்கரங்களைத் தாங்குவது முறுக்குக் கம்பி, அதைத் திருகி உயரத்தைத் தூக்கவேண்டும். எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். தொட்டியை வெட்டி வேறு வடிவத்தில் பற்றவைக்கவேண்டும். இஞ்சினோடு அதன் கியர் பாக்ஸையும் சேர்த்தே போட்டால் வேலை சுலபம், ஆனால் நீளம் மாறுவதால் புரொப்பல்லர் ஷாஃப்டை அறுத்துக் குறைத்து, மறுபடி பற்றவைத்து, லேத்தில் ஆட்டம் பார்க்கவேண்டும். அங்கே நூலளவு தப்பினால் நாற்பது மைல் வேகத்தில் வண்டியே நடுங்கும். டீசல் அதிகம் சுற்றாது. பின் அச்சில் பழைய பல்சக்கரமே இருந்தால் டாப் ஸ்பீடு குறையும். மலை ஏற அது நல்லதுதான் என்பார்கள்.

இன்னொன்று. மெட்டடார் கியர் பாக்ஸ் வந்தால் கியர் கம்பு தரைக்கு வந்துவிடும். முன்னால் உட்காரும் மூன்றாவது ஆளின் முழங்கால் போச்சு. "டீசல்ல மிச்சம் புடிச்சத மூணாவது சவாரியில வுட்டேன். கணக்கு பாத்தா அப்பவும் லாபம்தான்" என்றார் அந்த டாக்ஸிக்காரர். ஒரு மாவட்டத்தின் பொருளாதார வரலாறு அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

கம்பெனி செய்தால் மாடல்

இங்கே ஒரு வேடிக்கை. அம்பாசடர் என்ற காரே இஞ்சின் மாற்றங்களின் வரலாறுதான். 1957இல் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உருவில் வந்தபோது பக்கவாட்டு வால்வு இஞ்சின். ஓரிரு ஆண்டில் 1489 சி.சி. மேல்வால்வு இஞ்சின். பிறகு டீசல். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல். பின் இசுசு டீசல். 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை கூடு ஏறக்குறைய ஒன்றேதான். கம்பெனி மாற்றினால் அது புது மாடல். சித்தூரில் மேஸ்திரி மாற்றினால்?

1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாற்றத்தைத் தெரிவித்துப் பதிந்துகொள்ள வழி இருந்தது. 1988 சட்டத்தின் 52ஆம் பிரிவும் முதலில், முன் அனுமதி பெற்று மாற்றலாம் என்றே சொன்னது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நான் சொன்ன சிவப்பு மை அப்படி வந்ததுதான், திருட்டுத்தனமல்ல. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் கதவைச் சாத்தியது: உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பாதுகாப்பு நோக்கில் இதில் நியாயம் உண்டு. கண்டபடி வெட்டி ஒட்டிய வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு உறுத்துவது 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள். முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி எண், பத்தாண்டுப் பதிவு, 20,000 ரூபாய் கட்டணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிபந்தனை: வண்டி மூல வடிவில் இருக்கவேண்டும், அடிச்சட்டம், கூடு, இஞ்சின் எதிலும் மாற்றம் கூடாது. அப்படியென்றால் கொட்டகையில் போர்வை போர்த்திக் கிடந்த வசதியான வீட்டுக் கார் பாரம்பரியம் ஆகிறது. முப்பது வருஷம் மலை ஏறிய டாக்ஸி, இஞ்சின் மாறியதால் பாரம்பரியம் ஆகாது, வயதானதால் சாதாரண வண்டியாகவும் நீடிப்பது கஷ்டம். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. மிச்சமிருப்பது பழைய இரும்புக் கடை.

உலகம் முழுவதும் இப்படி நினைப்பதில்லை. கியூபாவில் 1960களின் அமெரிக்கத் தடைக்குப் பின் ஐம்பதுகளின் ஷெவர்லேக்களில் ரஷ்ய இஞ்சினையும் டீசல் இஞ்சினையும் போட்டு ஓட்டுகிறார்கள். அந்த வண்டிகளில் ஏறவே வெளிநாட்டார் பணம் கொடுத்து ஹவானா போகிறார்கள். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு இயற்றிய டூரின் சாசனமும், வண்டியைப் பிறந்த நாள் கோலத்துக்கே திருப்பவேண்டும் என்று வற்புறுத்துவதில்லை; அது வாழ்ந்த வாழ்வின் தடங்களுக்கும் மதிப்புத் தருகிறது.

வி.ஏ. எண் பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். அதனால் பலர் காரை டிரெய்லரில் ஏற்றி அனுப்புகிறார்கள். "அப்ப காரு டிரெய்லர இழுத்துச்சி, இப்ப டிரெய்லர் கார சொமக்குது" என்று மரத்தடியில் சிரிப்பு.

இவ்வளவுக்கும் நடுவில் ஊர் மாறிவிட்டது. அம்பாசடருக்கு இஞ்சின் தந்த இசுசு, 2016 ஏப்ரலில் சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலையே திறந்தது. 2022இல் அந்தப் பகுதி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரிகள் செய்கிறது.

எங்கள் வீட்டு 1960களின் அம்பாசடர் இன்னும் இருக்கிறது, உள்ளே மெட்டடார் இஞ்சினோடு. அதன் ஆர்.சி. புத்தகத்தில் மூன்று இஞ்சின் எண்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். வண்டியை விற்றாலும் புத்தகத்தைக் கிழித்துவிடாதீர்கள், நகல் எடுத்து வையுங்கள். போன தடவை மேஸ்திரியிடம் 52ஆம் பிரிவின் விலக்கை வாசித்துக் காட்டினேன்: அங்கீகரித்த கிட் பொருத்தி, விதிப்படி காஸுக்கோ பேட்டரிக்கோ மாற்றலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேட்டரி போட்டா சரியாம், மெட்டடார் போட்டா தப்பாம். இருக்கட்டும். எட்டு பேர ஏத்திக்கினு மலை ஏறுமா, அத கேட்டு சொல்லு" என்றார்.