இருண்ட நாவலும் வாசகர் நிலையும்

நாவல் படிப்போருள் பலர் அதன்கண் தம் அன்புக்குரிய ஒருவரை நாடுவர். அத்தகையார் எவரும் இலராயின், குற்றத்தை நூலின்மேல் ஏற்றுவர். கொலைஞரின் உள்ளத்தையே களமாகக் கொள்ளும் இருண்ட உளவியல் நாவல் இக்குற்றச்சாட்டுக்கு நெடுங்காலமாக ஆளாகி வந்துள்ளது. இது பற்றிய தெளிவான சொற்போர் ஒன்று 1868-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. அச்சொற்போரையும் அதற்குக் காரணமான நூலையும் ஈண்டு ஆராய்வோம்.

எமிலி சோலா (1840–1902) 1867-ஆம் ஆண்டில் லார்த்திஸ்த் என்னும் இதழில் தொடர்கதை ஒன்று எழுதினார். 'காதல் திருமணம் ஒன்று' என்பது அதன் தலைப்பின் பொருள். அவ்வாண்டின் இறுதியில் அது 'தெரேஸ் ராக்கேன்' என்னும் பெயருடன் நூலாயிற்று. முதல் தலைப்பில் அமைந்த எள்ளல் கதையை அறிந்தார்க்கே விளங்கும்.

கதை வருமாறு: பாரிசு நகரில் ஒளி குன்றிய சந்தொன்றில் ராக்கேன் அம்மையார் ஊசி, நூல், துணிமணி முதலியன விற்கும் சிறுகடை வைத்துள்ளார். அவர் தம் உடன்பிறந்தான் மகள் தெரேஸை நோயாளியான தம் மகன் கமீலுக்கு மணம் முடிக்கிறார். கமீலின் நண்பன் லோரானுக்கும் தெரேஸுக்கும் கள்ள உறவு ஏற்படுகிறது. லோரான் கமீலைச் சேன் ஆற்றில் தள்ளிக் கொல்கிறான். தெரேஸ் அதற்கு உடந்தை. இறக்குமுன் கமீல் கடித்த வடு லோரானின் கழுத்தில் நிலைக்கிறது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து இருவரும் மணந்துகொள்கின்றனர். மணநாள் இரவு முதல் இறந்தவனின் நினைவு இருவர்க்கும் இடையே கிடக்கிறது. காதல் பகையாக மாறுகிறது. முடிவில் ஒருவரையொருவர் கொல்ல முனைந்து, அந்நோக்கத்தை ஒரே வேளையில் அறிந்து, ஒரே நஞ்சைப் பகிர்ந்துண்டு மாய்கின்றனர்.

இக்கதையில் வாசகர் சார்ந்து நிற்கத்தக்கவர் யாவர்? கொலையுண்ட கமீல் தன்னலமும் மந்த அறிவும் உடையவன். ராக்கேன் அம்மையார் அன்புடையவரே. எனினும் அவ்வன்பு மகனைச் சுற்றியே சுழல்வது. மருமகளின் இளமையை அவனுக்கு மருந்தாக்கியது. ஆதலின் இரக்கம் எவர்பாலும் முழுமையாகத் தங்குவதில்லை.

1868 சனவரியில் லூயி உல்பாக் என்பவர் பெராகுஸ் என்னும் புனைபெயரில் பிகாரோ இதழில் இந்நூலைத் தாக்கினார். அழுகிய இலக்கியம் என்பது அவர் இட்ட பெயர். கோங்கூர் உடன்பிறந்தார் 1865-இல் வெளியிட்ட 'செர்மினி லாசெர்த்தே' என்னும் நாவலும் அக்கண்டனத்திற்கு ஆளாயிற்று. சோலா அவ்விதழிலேயே மறுமொழி தந்தார். பின்னர் அவ்வாண்டு ஏப்ரலில், இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் தம் கொள்கையை விரித்துரைத்தார். தாம் ஆராய்ந்தது குணநலன்களை அன்று, உடற்கூறு சார்ந்த இயல்புகளை என்பதும், அறுவை மருத்துவர் பிணங்களின்மீது செய்வதைத் தாம் உயிருள்ள இரண்டு உடல்களின்மீது செய்ததாகவும் கூறியதும் அவர் வாதத்தின் சாரம். கொலைஞரின் கழிவிரக்கத்தையும் நரம்புக் கோளாறு என்றே அவர் விளக்கினார்.

இவ்விரு வாதங்களும் ஆசிரியனின் நோக்கத்தையும் கதைமாந்தரின் இழிவையும் பற்றியன. வாசகரின் நிலை இரண்டிலும் தனியே ஆராயப்படவில்லை. ஆயின் நாவலுக்குள்ளேயே வாசகருக்கு ஒப்பான மூவகையினரைக் காண்கிறோம்.

முதல்வகையினர் வியாழன்தோறும் வந்து தோமினோ ஆடும் விருந்தினர். அவருள் ஒருவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. இருந்தும் அவர் எதனையும் ஐயுறுவதில்லை. கொலைஞர் இருவரின் திருமணத்திற்கும் அவரே துணைநிற்கிறார். வாதநோயால் உடலும் நாவும் செயலற்ற அம்மையார், மகன் மாண்ட உண்மையை அறிந்தபின், ஒரு நாள் பெரிதும் முயன்று மேசைமீது விரலால் எழுதத் தொடங்குகிறார். இருவர் பெயரும் எழுதி, வினைச்சொல்லின் தொடக்கத்தில் விரல் ஓய்கிறது. தம்மை அவர்கள் நன்கு பேணுவதாக அம்மையார் எழுத விரும்பினார் என விருந்தினர் வாக்கியத்தை முடித்து மகிழ்கின்றனர். நல்லோரையே காண விழைவோர் உண்மையைப் பிழைபடப் படிக்கும் முறை இதுவே.

இரண்டாம் வகையினர் பாரிசுப் பிணக்கிடங்கிற்கு வருவோர். லோரான் கமீலின் உடலைத் தேடி நாள்தோறும் அங்குச் செல்கிறான். மற்றையோரோ காசில்லாக் காட்சியாகப் பிணங்களைக் கண்டு களிக்கின்றனர். கொடுமையைக் கொடுமையென்று உணராது சுவைப்போர் இவர். பெராகுஸ் அஞ்சியது இத்தகையோர் பெருகுவரென்றே எனக் கொள்ளின், அவ்வச்சத்தை முற்றும் புறக்கணித்தல் இயலாது.

மூன்றாமவர் அவ்வம்மையார். அனைத்தையும் காண்கிறார், எதனையும் தடுக்க இயலாதவர். வாசகர் நிலைக்கு இதுவே மிக அணித்து. எனினும் அவர் கண்களிலும் இறுதியில் வெறுப்பொன்றே எஞ்சுகிறது. மாண்டவர் இருவரையும் இரவெல்லாம் நோக்கியும் அவர் நிறைவடைவதில்லை. பிறர் தீமையைக் காண்போர் தம் உள்ளத்தையும் காக்க வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பிற்கால வரலாறு இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. பத்திரிசியா ஐசுமித் 1955-இல் எழுதிய நாவலில் கொலைஞனான ரிப்ளி தண்டனையின்றித் தப்புகிறான்; அவன் பிடிபடலாகாதே என வாசகர் தம்மை அறியாமல் பதறுகின்றனர். சில்லியன் பிளின் 2012-இல் வெளியிட்ட 'கான் கேர்ள்' என்னும் நாவலில் கணவனும் மனைவியும் மாறி மாறிக் கதை சொல்ல, இருவர் சொல்லும் நம்பத்தகாதனவாகின்றன. சோலாவின் இணையர் சாவினால் விடுபட்டனர். இவர்களோ ஒரே வீட்டிற் பிணைந்தே எஞ்சுகின்றனர்.

ஆதலின், மாந்தர் விரும்பத்தக்கவரா என்பது இத்தகு நூல்களை அளக்கும் கோலாகாது. அவர்தம் உள்ளத்தை நூல் உண்மையாகக் காட்டுகிறதா, காணும் நம்மை எந்நிலையில் நிறுத்துகிறது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். முதல் வினாவைத் திறனாய்வாளர் பலர் எழுப்பியுள்ளனர். இரண்டாவதற்கு விடை காண்போர், விருந்தினரின் இருக்கையில் தாமும் அமர்ந்துள்ளனரா என்று முதற்கண் நோக்குதல் வேண்டும்.