மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களும் வெள்ளி ரூபாவும்

நாணயங்களைத் திரட்டுதல் வெறும் பொழுதுபோக்கன்று. வரலாற்றுச் சான்றுகளைப் பேணும் பணியுமாகும். ருஷியப் பேரரசின் இறுதிக்கால வெள்ளி ரூபிள்களை மேனாட்டார் பெருவிருப்புடன் சேர்ப்பர். அதே காலத்தில் நம் மலைநாட்டில் வழங்கிய வெள்ளி ரூபாக்களை ஆராய்வோர் மிகச் சிலரே. நுவரெலியா, அற்றன் முதலிய இடங்களிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் தம் கையால் எழுதிவைத்த ஏடுகள் அரியன. ஆதலின் அவர்க்குக் கூலியாய் வந்த காசே ஓர் ஏடெனத் தகும்.

ஆங்கிலேயராட்சியில் இலங்கைக்கெனத் தனி வெள்ளி ரூபா அச்சிடப்பட்டதில்லை. 1869இல் இந்திய ரூபாவே இங்குச் சட்டமுறை நாணயமாயிற்று. 1872இல் அது நூறு சதமாக வகுக்கப்பட்டது. அதன் நிறை 11.66 கிராம், பன்னிரண்டு பங்கிற் பதினொரு பங்கு தூய வெள்ளி.

1872ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2 சிலிங் பெறுமதியுடைய ரூபா, உலகில் வெள்ளியின் விலை வீழ்ந்தமையால், 1892இல் ஏறத்தாழ 1 சிலிங் 3 பென்சுக்கு இறங்கியது. இலண்டனில் விற்ற தேயிலைக்குப் பொன்னை அடிப்படையாகக் கொண்ட பவுண் கிடைத்தது. கூலியோ வெள்ளி ரூபாவிற் கொடுக்கப்பட்டது. ஆகவே, அதே பவுணுக்குத் தோட்டக்காரர் முன்னிலும் மிகுதியான ரூபா பெற்றனர். கூலி அதற்கேற்ப உயரவில்லை. அக்கூலியிலும் பெரிய கங்காணி கொடுத்த முற்பணம் கழிக்கப்பட்டது. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1893இல் இந்திய அரசு தன் நாணயச்சாலைகளில் மக்கள் கொணரும் வெள்ளியைக் காசாக்கிக் கொடுப்பதை நிறுத்தியது. அன்றுமுதல் ரூபாவின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையினும் உயர்ந்து நின்றது. இதனால் காசைக் காசாகவே பேணியவர் அதன் மதிப்பை இழந்திலர். உருக்கித் தண்டையும் கொலுசும் செய்தவரின் சேமிப்போ குறைந்தது. எங்கோ அரசினர் செய்த முடிபு, லயத்து அறையிலிருந்த தகரப்பெட்டியையும் தொட்டது. 1897இல் ருஷியா பொன் நாணய முறையை மேற்கொண்டபோது, 18 கிராம் தூய வெள்ளி கொண்ட ரூபிளும் இந்நிலையையே எய்தியது. இலங்கைத் தேயிலையை விரும்பி வாங்கிய அந்நாட்டின் நாணயமும், அதனைக் கொய்தவர் பெற்ற நாணயமும் ஒரே பத்தாண்டில் ஒரே மாற்றத்திற்கு உட்பட்டமை கருதத்தக்கது.

ஆதலின், பழங்காசு பெறும் மாணவர் அதன் ஆண்டையும் அரசர் உருவையும் நோக்குவதோடு அமையலாகாது. எத்தோட்டத்தில், எவ்வாறு பேணப்பட்டதென்பதையும் குறித்துவைத்தல் வேண்டும். மாலையிற் கோப்பதற்குப் பற்றவைத்த வளையத்தை அகற்றலாகாது. தேய்த்து மெருகிடலும் ஆகாது. சந்தையில் அவ்வளையம் குறையெனப்படும். வரலாற்றாசிரியனுக்கோ அதுவே, உழைத்தவர் அக்காசைத் தமதாக்கிக்கொண்டமைக்குச் சான்றாகும்.