மாறிக்குப் பெயர் வைத்த கதை

ஒரே மீனை ஓர் ஊரில் சாளை என்பார்கள், இன்னோர் ஊரில் மத்தி என்பார்கள். புதுமடத்து மீன் வியாபாரிக்கு இதில் குழப்பம் வராது. கணினிக்கு வரும். 'சாளை_எடை' என்று எதிர்பார்க்கும் இடத்தில் 'மத்தி_எடை' என்று விவரம் வந்தால் நிரல் நின்றுவிடும். இந்தப் பிடிவாதம் மெல்ல மெல்லத் தளர்ந்த வரலாறு சுவையானது.

நிரலில் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிதான் மாறி. 1957-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் மாறியின் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. 'ஐ' முதல் 'என்' வரையுள்ள ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது முழு எண் என்று கணினியே முடிவு செய்துவிடும்.

பிறகு நீளமான பெயர்கள் வந்தன. கூடவே ஆளுக்கொரு வழக்கமும் வந்தது. ஜாவாக்காரர்கள் சொற்களை ஒட்டி, அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதினார்கள். ஒட்டகத் திமில் போலிருப்பதால் அதற்குக் 'கேமல் கேஸ்' என்று பெயர். பைத்தான்காரர்களோ 2001-ல் எழுதிய பெப்-8 விதிப்படி சின்ன எழுத்துகளுக்கு நடுவே அடிக்கோடு போட்டார்கள். இரண்டு பேரும் தகவல் பரிமாறும்போது யார் பெயரை யார் மாற்றுவது?

இதற்கு விடை காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். டாலியில் லெட்ஜர் தொடங்கும்போது பெயருக்குக் கீழே 'அலியாஸ்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே கொடுத்த மாற்றுப் பெயரைச் சொன்னாலும் அதே கணக்குத்தான் வரும். 2017-ல் சாமுவேல் கோல்வின் தொடங்கிய பைடான்டிக் என்ற பைத்தான் நூலகமும் இதே வழியில் போனது. உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். 2023-ல் வந்த இரண்டாம் பதிப்பில், தகவல் வரும்போது ஒரு பெயரும் போகும்போது வேறு பெயரும் வைக்கலாம்.

சரி, தமிழில் பெயர் வைக்க முடியுமா? மார்ட்டின் ஃபான் லோவிஸ் 2007-ல் பெப்-3131 என்ற திட்டத்தை முன்வைத்தார். அடுத்தவர் படிக்க முடியாது, தட்டச்சு செய்ய முடியாது என்று எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 அதை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பைத்தான் இரண்டையும் ஒரே பெயராகவே எடுத்துக்கொள்கிறது.

முத்தையா அண்ணாமலை இன்னும் ஒரு படி மேலே போனார். 2009-ல் அவர் கட்டுரையாக வெளியிட்ட 'எழில்' மொழியில் கட்டளைகளே தமிழில்தான்.

ஆங்கிலம் தெரிந்தால்தான் நிரல் எழுத முடியும் என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு. 'சாளை_எடை' என்றே அவர்கள் எழுதிப் பழகலாம். வெளியுலகுக்கு ஓர் ஆங்கில அலியாஸ் கொடுத்தால் போதும்.