சிதறால் உளியும் சிந்தாமணி அச்சும்

சிதறாலை யடுத்த திருச்சாரணத்து மலையில், ஆய்வேந்தன் விக்கிரமாதித்திய வரகுணனது 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குறத்தியார் என்னும் சமணப் பெண்துறவி பொன்னணி அளித்தமையைக் கூறும் வட்டெழுத்துச் சாசனம் உளது. உளியெழுத்து ஆயிரமாண்டு கடந்தும் நின்றது. எழுத்தாணி கீறிய ஓலைக்கோ செல்லும் உண்டு, படியெடுப்போர் பிழையும் உண்டு.

சமணரது சீவகசிந்தாமணியும் அங்ஙனம் ஏட்டிலேயே நலிந்து கிடந்தது. திருவாவடுதுறையிற் பயின்ற உ. வே. சாமிநாதையர் 1880-இல் அதனைக் கையிற்கொண்டார். பல ஏடுகளை ஒப்புநோக்கினார். கும்பகோணத்துச் சமணரிடம் அவர்தம் மரபைக் கேட்டறிந்தார். கையொப்பக்காரரிடம் பொருள் பெற்றுச் சென்னை அச்சுக்கூடத்தில் ஒப்புத்தாள் திருத்தி, 1887-இல் வெளியிட்டார். சைவர் இதனை அச்சிடலாமோ என்றாரும் உளர். மடத்திற் பயின்ற நாளில் அடியேனும் அவ்வாறே எண்ணினேன். சேக்கிழார் புராணம் பாடுதற்கு ஏதுவாயிற்றென நம்மவர் கூறும் நூலன்றோ அது!

சிதறாலிற் பகவதி வழிபாடு வந்தபின்னும் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் அவ்வாறே உள.