தவளைகளை அழித்த தோல்நோய்: ஆய்வு மாணவர்களின் பங்கு

கைட்ரிட் பூஞ்சை நோய் என்பது தவளை, தேரை, சாலமாண்டர் முதலிய இருவாழ்விகளின் தோலைத் தாக்கும் தொற்றுநோய். காட்டுயிர் நோய்களில் இந்த அளவுக்கு உயிரினங்களை அழித்த நோய் வேறொன்று பதிவாகவில்லை. 2019-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்நோயால் குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் எண்ணிக்கையில் குறைந்துள்ளன. அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இந்நோயைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் முக்கியமான பகுதி, பட்டம் பெறுவதற்கு முன்பே ஆய்வு மாணவர்கள் கண்டறிந்தது.

காரணம் தெரியாத மறைவு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முட்டைகளை விழுங்கி இரைப்பையில் குஞ்சு பொரிக்கும் அரிய தவளை இனம் ஒன்று வாழ்ந்தது. 1981-க்குப் பிறகு அதைக் காட்டில் யாரும் பார்க்கவில்லை. கோஸ்டா ரிக்காவின் மான்டிவெர்டே மலைக்காட்டில் 1987-இல் 1,500-க்கும் மேற்பட்ட பொன்னிறத் தேரைகள் கூடின. 1989-இல் அங்கே ஓர் ஆண் தேரை மட்டுமே தென்பட்டது. அதன்பின் அதுவும் இல்லை. காடுகள் வெட்டப்படாத, பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே இந்த மறைவு நிகழ்ந்ததால் அறிவியலாளர்கள் குழம்பினர். வறட்சி, புற ஊதாக் கதிர், பூச்சிக்கொல்லி எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. தொற்றுநோயாக இருக்கலாம் என்றவர்களும் வைரஸ் மீதே சந்தேகம் கொண்டனர்.

காரணம் தெரிந்தது

1990-களில் லீ பெர்கர் என்ற கால்நடை மருத்துவர் ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்ட மாணவியாகச் சேர்ந்து, இறந்த தவளைகளின் உடல்களை ஆராய்ந்தார். உள்ளுறுப்புகளில் பெரிய கேடு எதுவும் இல்லை. தோலின் மேலடுக்கில் மட்டும் நுண்ணிய உருண்டைகள் தெரிந்தன. அவை கைட்ரிட் வகைப் பூஞ்சை. முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு இவ்வகைப் பூஞ்சை நோய் தரும் என அதுவரை யாரும் அறிந்ததில்லை.

நோயுற்ற உடலில் ஒரு கிருமி காணப்படுவது மட்டும் சான்றாகாது. நலமான உயிருக்கு அது சென்றால் அதே நோய் வரவேண்டும். பெர்கர் நோயுற்ற தவளையின் தோலைச் சுரண்டி எடுத்து, நலமான தவளைகளின் மீது பட வைத்தார். அவை அதே நோயால் இறந்தன. ஆஸ்திரேலியா, மத்திய அமெரிக்கா ஆகிய இரு பகுதிகளின் சான்றுகளும் 1998-இல் ஒரே கட்டுரையாக வெளிவந்தன. அடுத்த ஆண்டு இப்பூஞ்சைக்கு பாட்ராக்கோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ் எனப் பெயரிடப்பட்டது.

தோலில் மட்டும் வளரும் பூஞ்சை உயிரை எப்படி எடுக்கிறது? இக்கேள்விக்கு விடை கண்டவர் ஜேமி வாய்ல்ஸ் என்ற மற்றொரு முனைவர் பட்ட மாணவி. தவளை தன் தோல் வழியாகவே நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. தோல் கெட்டால் இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து இதயம் நின்றுவிடுகிறது என்பதை 2009-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுப்பதுபோல் உப்புக்கரைசலை வாய்வழி கொடுத்தபோது தவளைகள் சற்றுக் கூடுதல் நேரம் உயிர்வாழ்ந்தன.

தோலில் வாழும் காவலர்கள்

பூஞ்சை தொற்றிய எல்லா இனங்களும் அழியவில்லை. ஏன் என்ற கேள்வி, தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தின் பக்கம் ஆய்வாளர்களின் கவனத்தைத் திருப்பியது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தின் ரீட் ஹாரிஸும் அவருடைய மாணவர்களும் சாலமாண்டரின் தோலிலிருந்து ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். அது சுரக்கும் வயலசீன் என்ற ஊதா நிறப் பொருள் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்தது. கலிபோர்னியாவின் மலைத்தவளைகளுக்கு முதலில் இந்த பாக்டீரியாவைப் பூசி, பிறகு பூஞ்சையைத் தொற்றவைத்தபோது அவை பிழைத்தன. இம்முடிவும் 2009-இல் வெளியானது.

தோல்வி கற்பித்த பாடம்

அடுத்த சோதனை பனாமாவின் பொன்னிறத் தவளையிடம் நடந்தது. காட்டில் அநேகமாக அற்றுப்போய், வளர்ப்பகங்களில் காப்பாற்றப்பட்டு வரும் இனம் அது. மேத்யூ பெக்கர் என்ற ஆய்வு மாணவர் அதே பாக்டீரியாவை இத்தவளைகளுக்கு இட்டார். சில வாரங்களில் பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைந்தது, தவளைகளும் இறந்தன. ஓர் இனத்தின் தோலில் நிலைக்கும் நுண்ணுயிர் மற்றோர் இனத்தின் தோலில் நிலைக்காமல் போகலாம்.

பெக்கர் தோல்வியோடு நிறுத்தவில்லை. பொன்னிறத் தவளையிடமே இயல்பாக உள்ள பாக்டீரியாக்களை இட்டுப் பார்த்தார். அவையும் காக்கவில்லை. ஆயினும் தொற்றிய தவளைகளில் சில பிழைத்திருந்தன. அவற்றின் தோலில் தொடக்கத்திலேயே இருந்த பாக்டீரியாக் கூட்டம் இறந்தவற்றினுடையதிலிருந்து வேறுபட்டிருந்தது. 2015-இல் வெளியான இம்முடிவு தேடலின் திசையை மாற்றியது. வெளியிலிருந்து ஒரு நுண்ணுயிரைக் கொண்டுவருவதைவிட, பிழைத்த தவளையிடம் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்ப்பது பயன் தரலாம்.

இப்பூஞ்சையின் பிறப்பிடம் கிழக்கு ஆசியா என்று 2018-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மனிதர் நடத்திய இருவாழ்வி வணிகமே அதை உலகெங்கும் பரப்பியது எனக் கருதப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளிலும் இப்பூஞ்சை பதிவாகியுள்ளது. ஆனால் பனாமாவில் கண்டதுபோன்ற பெருஞ்சாவு இங்கு பதிவாகவில்லை. நம் தவளைகளைக் காப்பது அவற்றின் உடலா, தோலில் வாழும் நுண்ணுயிர்களா, இங்குள்ள பூஞ்சை வகையின் தன்மையா என்பது நம் மாணவர்கள் கையில் எடுக்கத் தகுந்த கேள்வி.